கூட்டிக்கொண்டு போக ஓர் ஆள்

கதவு திறந்தது. ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில் இருந்த முகங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன. வந்தது தண்ணீர் கேன் போடுகிறவர். முகங்கள் மறுபடி கவிழ்ந்தன.

நாற்காலிகளைக் கதவைப் பார்த்துப் போடச் சொன்னது அவள்தான். "வர்றவங்க தங்களோட ஆளைத் தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது" என்று வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் நெஞ்சு எப்படி ஏறி இறங்கும் என்று அந்த வரைபடத்தில் இல்லை. இன்று வலது கண்ணில் கட்டோடு அதே நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரி நிர்வாகத்தைக் கற்றுத்தரும் கல்லூரிக்கு இயக்குநர் அவள். கணக்கில் பட்டம் வாங்கிய கையோடு, ரத்தப் பைகள் ஏன் வீணாகின்றன என்று பார்க்க ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தவள். சீக்கிரம் கெடுவது முன்னால், புதிது பின்னால் என்று அலமாரியை மாற்றி அடுக்கினாள், வீணாவது குறைந்தது. அப்புறம் மருந்து லாரிகள், ஆம்புலன்ஸ்கள், கடைசியில் கட்டில்கள். குணமானவர்கள் வீட்டு ஆள் வரும்வரை தனி அறையில் உட்கார்ந்திருந்தால், அடுத்த நோயாளிக்குக் கட்டில் கிடைக்குமே என்றாள். அதனால் எத்தனை பேர் பிழைத்தார்கள்! மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் 'கட்டில் மேடம்' என்பார்கள். அது காதில் விழுந்தால் உள்ளுக்குள் பெருமைதான். கல்யாணத்தை மட்டும் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திப்போட்டாள். திரும்பிப் பார்த்தபோது தலை நரைத்திருந்தது.

"மேடம், உங்களைக் கூட்டிட்டுப் போக யார் வர்றாங்க?" நர்ஸ் மறுபடியும் வந்து கேட்டாள்.

"வருவாங்கம்மா."

"உங்க டிரைவர் கையெழுத்துப் போட முடியாது மேடம். ராத்திரி கூட இருக்கிறவங்கதான் போடணும். ரூல் உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாமல் என்ன? எழுதியதே அவள்தானே! இயக்குநருக்காகக் கொஞ்சம் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள் என்று நினைத்துத்தான் தனியாக வந்திருந்தாள். ஆனால் இந்த நர்சுகளுக்குப் பாடம் எடுத்ததும் அவள்தான். நன்றாகவே எடுத்திருந்தாள்.

பக்கத்து நாற்காலிப் பெரியவர் சிரித்தார். "உங்களுக்கும் ஆள் வரலையாம்மா? பேசாம நான் உங்களுக்குக் கையெழுத்துப் போடறேன், நீங்க எனக்குப் போடுங்க. கெளம்பிடலாம்."

அவள் சிரித்து முடிப்பதற்குள் அவருடைய மருமகள் புயல்போல் நுழைந்தாள். "மாமா! என் செருப்பை ஏன் போட்டுட்டு வந்தீங்க? உங்க செருப்ப மாட்டிக்கிட்டுப் படகு தள்ற மாதிரி வந்திருக்கேன்!"

"பாத்தீங்களா, வந்ததுமே அர்ச்சனை" என்று கண்ணடித்துவிட்டு, அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு போனார் பெரியவர். திட்டு வாங்கக்கூட ஒரு கொடுப்பினை வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

அறை காலியானது. அவளுடைய புகழ்பெற்ற ஆராய்ச்சியில், இந்த அறையில் காத்திருக்கும் நேரம் மிகவும் குறைவு. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தவர்களை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்கள் சராசரியைக் கெடுத்தார்கள். 'விதிவிலக்குகள் நீக்கப்பட்டன' என்று அடிக்குறிப்பு போட்டதோடு சரி.

சட்டென்று உறைத்தது. அம்மா!

சில வருடங்களுக்கு முன் அம்மாவும் இதே அறையில்தான் காத்திருந்தாள். காலையிலேயே தலைவாரி, மடியில் பையை வைத்துக்கொண்டு, "பெரியவ வரட்டும், அவளோடதான் போவேன்" என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள். பெரியவளோ வேறோர் ஊர் மேடையில், நோயாளிகள் காத்திருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். கையெழுத்து விதி வருவதற்கு முந்தைய காலம்; சாயங்காலம் கல்லூரிக் காரை அனுப்பிவைத்தாள். "கார் குளுகுளுன்னு இருக்குடா" என்று மட்டும் தம்பியிடம் சொன்னாளாம் அம்மா. அந்த மாதமே போய்விட்டாள். அன்றிலிருந்து தம்பி அவளோடு பேசவில்லை.

அந்த வருடக் கணக்கிலும் நீண்ட நேரம் காத்திருந்தவர்களை நீக்கியிருந்தாள். ஒவ்வொரு வரியாக அடித்தாள், அதில் ஒன்று தன் அம்மா என்று தெரியாமல்.

போனை எடுத்துத் தம்பியை அழைத்தாள். மறுமுனையில் தையல் மெஷின் ஓடும் சத்தம்.

"நான்தான்டா."

மெஷின் நின்றது.

"கண்ணுல ஆபரேஷன், அம்மா இருந்த அதே ஆஸ்பத்திரில. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் வேணுங்கறாங்க. எனக்கு... எனக்கு உன்னை விட்டா வேற யாரும் இல்லடா."

பிறகு நிதானமாக, ஊசி இறக்குவது போல ஒரு குரல்: "கார் அனுப்பட்டுமா அக்கா?"

போன் வைக்கப்பட்டது.

அவள் அழவில்லை. கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கதவு திறந்தது, தரை துடைப்பவர். கதவு திறந்தது, யாரோ அறை மாறி வந்தவர். வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது ஒரு வாடகைக் கார் டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"கண் ஆபரேஷன் பண்ண அம்மா யாருங்க? டெய்லர் கார் அனுப்பியிருக்காரு."

அனுப்பியே விட்டான். அவள் தலை தொங்கியது.

"நீங்க கையெழுத்துப் போட முடியாதுங்க" என்றாள் நர்ஸ்.

"நான் எதுக்குப் போடறேன்? அவரு கார்லயே உக்காந்திருக்காரு. உள்ள வர மாட்டேங்கறாரு. அவங்க அம்மா உக்காந்திருந்த நாற்காலியைப் பாக்க முடியாதாம்."

நர்ஸ் காகிதத்தோடு வெளியே ஓடினாள். தம்பி கார் ஜன்னல் வழியாக வாங்கி, முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டான். விரலில் இன்னும் நூல் சுற்றியிருந்தது.

கார் கிளம்பியது. இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

"இன்னிக்கு ராத்திரி மட்டும்தான். காலைல எனக்கு வேலை இருக்கு."

"சரிடா."

கட்டுப் போட்ட கண் அவன் பக்கம் இருந்தது. அவனைப் பார்க்க வேண்டுமென்றால் முழுத் தலையையும் திருப்ப வேண்டும். அவளுக்குத் துணிவில்லை. நேரே பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அண்ணே, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க" என்றான் தம்பி.

இறங்கிப் போகிறான் என்று நினைத்தாள். கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவன் காரின் பின்னால் சுற்றி வந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"நகந்து உக்காரு."

நடுவிலிருந்த காலி இடத்துக்கு அவள் நகர்ந்தாள். கட்டுப் போடாத கண்ணின் பக்கம் அவன் ஏறி உட்கார்ந்தான்.

"இப்பத் தெரியறேனா?" என்றான் முகத்தைப் பார்க்காமலே. அவன் காதோரம் முழுக்க நரைத்திருந்தது.