மதிவதனி ஏரியில் வைத்த அன்னக்கூடை

அடி அண்ணாமலைக்குப் பின்னால் இருக்கும் ஏரியில் மதகைத் திறந்து மூடுகிற வேலையை ஆறு வருடங்களாக மதிவதனிதான் பார்த்துவருகிறாள். அந்த ஆனி மாதம் மதகு மூடியே கிடந்தது. ஆனாலும் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கியது. விடியற்காலையில் அவள் தன் சொந்தக்காரர்களின் நிலத்துக்குத் தண்ணீர் விடுகிறாள் என்று டீக்கடையில் நாலு பேர் கேட்கச் சொன்னார், அதே ஏரியை நம்பி நெல் நட்டிருந்த கோதண்டராமன்.

விஷயம் காதுக்கு வந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் சண்டைக்குப் போகவில்லை. வீட்டில் சோறு கொட்டிவைக்கும் அலுமினிய அன்னக்கூடையை எடுத்துக்கொண்டு நேராக ஏரிக்குப் போனாள். கரையோரத் தண்ணீரில் அதை முக்கால்வாசி முங்கவைத்து, நாலு கழி ஊன்றிக் கட்டி, ஏரித் தண்ணீரையே மொண்டு நிரப்பினாள். கொக்கு குடிக்காதபடி மேலே கம்பிவலை போட்டாள். பக்கத்திலேயே ஏரிக்கும் ஒரு அளவுகோலை நட்டாள். கூடையில் ஓட்டை இல்லை. அதில் குறைகிற தண்ணீர் வானத்துக்குத்தான் போயாக வேண்டும்.

தினமும் காலை ஆறு மணிக்கு இரண்டையும் அளந்தாள். மேற்கே செங்கம் பக்கமிருந்து மேல்காற்று அடித்து, வெயிலும் கொளுத்திய நாளில் கூடையில் ஒன்பது மில்லிமீட்டர் குறைந்தது. மூட்டமாக, காற்றில்லாமல் இருந்த நாளில் மூன்றுதான். வெயிலும் காற்றும்தான் தண்ணீரைக் குடிக்கின்றன என்று அவள் நினைத்தது சரிதான். ஆனால் ஒன்று உறுத்தியது. கூடையைவிட ஏரி எப்போதும் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாகவே இறங்கியது, வெயிலடித்தாலும் மூட்டம் போட்டாலும்.

பன்னிரண்டாம் நாள் மதகுக்குப் பின்னால் இறங்கி, வாய்க்காலில் மண்டியிருந்த கோரையை வெட்டிப் பார்த்தாள். மதகை அடைக்கும் பலகையின் அடிப்பக்கம் உளுத்து, தண்ணீர் சத்தமில்லாமல் கசிந்துகொண்டிருந்தது. கோரையை மறுபடி தள்ளி மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. வெட்டிய கோரையைக் கரையில் எறிந்தாள். பிறகு ஊராட்சி அலுவலகத்துக்கு நடந்தாள்.

அங்கே கூடியிருந்தவர்கள் முன்னால் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப தப்பு உன்னுதுதானம்மா" என்றார் கோதண்டராமன்.

"ஆமாண்ணா, பலகைய நான் பாத்திருக்கணும். காத்தடிக்கிற நாள்ல நாலு பங்கு கொறஞ்சா, மூணு பங்க வெயிலும் காத்தும் எடுத்துக்கினு போவுது. முழங்கால் தண்ணிதான் இருக்கு, சீக்கிரம் சூடாயிடுது. அத நான் நிறுத்த முடியாது. மீதி ஒரு பங்கு என் மதகு வழியா போவுது. அத நாளைக்கே நிறுத்திடலாம்."

மறுநாள் புதுப் பலகையோடு அவள் தண்ணீரில் இறங்கியபோது, கோதண்டராமன் களிமண் மூட்டையோடு வந்து பக்கத்தில் நின்று அடைத்தார். கசிவு நின்றது.

வெயில் நிற்கவில்லை. இந்தக் காற்றுக்கு எல்லா நிலத்துக்கும் தண்ணீர் எட்டாது, மதகுக்குக் கிட்டே இருக்கும் பாதியையாவது காப்பாற்றலாம் என்று நிலக்காரர்களிடம் தன் கணக்கைக் காட்டி அவள் விடாமல் பேசினாள். முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். கைவிட்ட பாதியில் அவள் தம்பியின் நிலமும் இருந்தது. அவன் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. ஆடிக் கடைசியில் மழை இறங்கியபோது ஏரியில் கணுக்கால் அளவு தண்ணீர் மிச்சமிருந்தது, காப்பாற்றிய நெல் கதிர் பிடித்து நின்றது.