வெர்னா கடையின் திங்கட்கிழமைகள்

பென்சில்வேனியாவில் மில்ஃபோர்க் என்ற ஊரில் வெர்னா முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். கத்தரி ஓடுகிற வேகத்துக்கு அவள் வாயும் ஓடும். மகள் ஊர் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு.

அந்த வசந்தத்தில் ஊரின் மூன்று அரசுப் பள்ளிகளையும் நடத்தும் பள்ளிக் குழு செலவைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. நூலகத்தை மூடிவிடுவார்களாம், மூன்று பள்ளிக்கும் சேர்த்து ஒரே நர்ஸாம். வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழுக் கூட்டத்துக்குப் போய் மைக்கைப் பிடித்தாள்.

"மைதானத்துல புதுப் புல் விரிக்கக் காசு இருக்கு, பிள்ளைங்களுக்கு நர்ஸ் வைக்கக் காசு இல்லையா? வெக்கமா இல்ல உங்களுக்கு?"

கைதட்டல் கிளம்பியது. குழுத் தலைவர் குரலை உயர்த்தவில்லை. "அம்மா, அது கட்டடத்துக்கும் மைதானத்துக்கும்னு கடன் பத்திரம் வித்து வாங்கின பணம். அதுல சம்பளம் குடுத்தா சட்டப்படி குத்தம்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வெர்னா முகம் சிவக்க இறங்கி வந்தாள்.

மறுநாள் முடி வெட்ட வந்த ஓட்டிஸ் விடவில்லை. எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். "என்ன வெர்னா, நேத்து வாங்கிக் கட்டிக்கிட்டியாமே?"

"காதுகிட்ட கத்தரி இருக்கு. ஆடாம உக்காருங்க."

அன்று பிற்பகல் கடையைப் பூட்டிவிட்டுப் பள்ளி நிதி அதிகாரியைப் பார்க்கப் போனாள். "எனக்கு ஒண்ணும் தெரியல சார். சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க." இத்தனை வருடத்தில் அவரிடம் திட்டத்தான் ஆட்கள் வந்திருக்கிறார்கள், கேட்க யாரும் வந்ததில்லை. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு விளக்கினார். சம்பளப் பணத்தில் பெரும்பங்கு இரண்டு இடத்திலிருந்து வருகிறது: ஊர் வீட்டுவரி, மாநிலத்தின் பங்கு. ஆலை மூடியபின் வீடுகளின் மதிப்பு விழுந்தது, வரியும் விழுந்தது. மாநிலம் அந்தப் பள்ளத்தை நிரப்பவில்லை. எதை வெட்டுவது என்பது மட்டுமே குழுவின் கையில் இருந்தது.

ஆக, தட்டவேண்டிய கதவு இரண்டு: எதை வெட்டக்கூடாது என்று சொல்லக் குழு, பங்கைக் கூட்டிக் கேட்க மாநிலம். திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. அந்த நாளில் பெற்றோர்களை அங்கே கூட்டினாள்.

"யார்கிட்ட எதைக் கேக்கணும்னு தெரியாமக் கத்தினா என்னை மாதிரிதான் மூக்கு உடையும்" என்றுதான் தொடங்குவாள்.

ரொட்டி ஆலையில் வேலை செய்யும் இல்மா மூலையில் உட்கார்ந்திருப்பாள். டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தவள், மகனுக்கு ஆஸ்துமா. "எனக்கு இங்கிலீஷ் சரியா வராது வெர்னா. சிரிப்பாங்க."

"என்னையே சிரிச்சாச்சு, இனி என்ன? பட்ஜெட்டப் பத்தி நீ பேசவே வேணாம். உன் பையனுக்கு அன்னிக்கு என்ன ஆச்சு, அத மட்டும் சொல்லு."

ஓட்டிஸ் ஒருநாள் வாசலில் நின்றே உறுமினார். "என் வீட்டுவரிய ஏத்தினீங்கன்னா, நான் வேற கடை பாத்துக்குவேன்."

"யாரு ஏத்தச் சொன்னா? மாநிலம் அதோட பங்க ஒழுங்காக் குடுத்தா உங்க வரி ஏன் ஏறுது?"

கிழவர் தாடையைத் தேய்த்தார். "இத ஏன்டி மொதல்லயே சொல்லல?"

தலைநகர் ஹாரிஸ்பர்க்குக்குப் பெற்றோர்கள் பஸ் பிடித்துப் போனபோது அவரும் ஏறிக்கொண்டார். சட்டமன்ற உறுப்பினரின் அறையில் எல்லாரையும்விட நீளமாகப் பேசியவர் அவர்தான். கடைசியில் வெர்னா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

ஜூன் மாதம் குழு வாக்களித்தது. அதற்கு முன் இல்மா மைக் அருகே வந்தாள். மகன் வகுப்பில் மூச்சுத் திணறி உதடு நீலமானதையும் நர்ஸ் ஓடிவந்ததையும் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். "அன்னிக்கு அவங்க வேற பள்ளிக்கூடத்துல இருந்திருந்தா..." யாரும் சிரிக்கவில்லை.

ஒரே வாக்கு வித்தியாசத்தில் மூன்று நர்ஸ்களும் தப்பினார்கள். மாநிலம் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தது; நூலகத்துக்கு அது போதவில்லை. நூலகப் பெண் வேறு ஊருக்கு வேலை தேடிப் போனாள். புத்தகங்களைப் பெட்டியில் அடுக்க வெர்னா கூடமாட நின்றாள். வீட்டுக்கு வந்து அழுதாள்.

அடுத்த ஆண்டின் பட்ஜெட் வரைவு வெளியானபோது பெற்றோர்கள் அவளைக் கேட்காமலேயே நிதி அதிகாரியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். ஓட்டிஸ் சொல்லித்தான் அவளுக்கே தெரிந்தது.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று கொஞ்ச நேரம் முணுமுணுத்தாள். மனசுக்குள் ஒரு சுமை இறங்கிய மாதிரியும் இருந்தது.