அத்தானின் இரட்டைக் குழாய்

அக்காவின் கணவர், எங்கள் அத்தானின், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்த வாரம், அக்கா வீட்டுக் கொட்டிலைத் துப்பரவாக்கப் போனபோது, மூலையில் சாக்கால் சுற்றிய இரண்டு இரும்புக் குழாய்கள் அகப்பட்டன. அவருடைய பழைய பிக்கப்பின் சைலென்சர் குழாய்கள். அந்த வண்டி பழைய இரும்புக்குப் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. குழாய்களுக்கு மட்டும் துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசி வந்திருக்கிறார் மனிதர். அக்கா ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "இதென்ன சாமானடி?" என்று கேட்டாள். அந்தக் குழாய்களின் கதையை மட்டும் அவளுக்குச் சொல்லிவிடாதே என்று அத்தான் என்னிடம் கேட்டிருந்தார்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் டென்மார்க்கின் பிராண்டே என்ற சிற்றூரில் ஒரு சில தமிழ்க் குடும்பங்கள்தான். அத்தான் தனியாக வந்து எங்கள் வீட்டு முன்னறையில் தங்கித் துணி ஆலைக்கு வேலைக்குப் போனார். அக்கா யாழ்ப்பாணத்தில் விசாவுக்குக் காத்திருந்தாள். ஊரில் லொறி ஓட்டிய மனிதருக்கு வண்டியில்லாமல் இருப்புக் கொள்ளாது. பண்ணை வைத்திருந்த ஒரு கமக்காரரிடம் எட்டு சிலிண்டர் அமெரிக்கப் பிக்கப் ஒன்றை வாங்கி வந்தார். "உது பெற்றோல் குடிக்கிற யானை," என்று என் கணவர் சிரித்தார். அந்த யானைதான் வடக்கே ஸ்கீவ ஊர் வரைக்கும் இருந்த எங்கள் ஆட்களுக்கெல்லாம் டேனிஷ்காரர் கழித்துவிட்ட கட்டிலும் சோபாவும் ஏற்றிப் போய்க் கொடுத்தது.

அக்காவுக்கு அனுமதி கிடைத்த செய்தி வந்ததும் மற்றவர்கள் என்றால் மெத்தை வாங்கியிருப்பார்கள். அத்தான் பிக்கப்புக்கு இரட்டைக் குழாய் போட வேண்டுமென்று நின்றார். ஊரில் பெற்றோலில் ஓடிய அவருடைய பழைய லொறிக்கும் இரட்டைக் குழாய்தான். வேறு எத்தனை லொறி போனாலும் அக்கா திரும்பிப் பார்க்க மாட்டாள். சந்தியில் அத்தான் கியரைக் குறைக்க, சத்தம் ஒருமுறை தாழ்ந்து மறுபடி எழும்பும். அந்த இடத்தில்தான் அவள் அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பாள். வண்டி வாசல் படலைக்கு வரத் தண்ணீர் கொதித்திருக்கும். "என்னைக் காண முதல் அவள் சத்தத்தில என்னைக் கண்டுபிடிக்கவேணும் பிள்ளை. அது போதும்," என்றார்.

எனக்கு ஓரளவு டேனிஷ் தெரிந்ததால் வண்டி திருத்தும் கராச்சுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எந்த மாதிரிச் சத்தம் வேண்டுமென்று கராச்காரர் கேட்டார். அத்தான் இரண்டு கன்னத்தையும் ஊதி, "குடுகுடுகுடு" என்று லொறியாகவே மாறிவிட்டார். கராச்காரர் மரியாதையாகக் கேட்டு முடித்து, இவர் என்ன சொல்கிறார் என்று என்னைப் பார்த்தார். இவர் ஒன்றும் சொல்லவில்லை, அது லொறி என்றேன். "நீயும் ஒருக்காச் செய்து காட்டன் பிள்ளை," என்று அத்தான் கெஞ்சினார். அங்கே நின்ற ஆண்களுக்கு முன்னால் கன்னத்தை ஊத எனக்கு வெட்கமாக இருந்தது. மாட்டேன் என்றுவிட்டேன்.

கராச்காரர் நிதானமாக விளக்கினார். எஞ்சினின் இரண்டு பக்கத்துக் குழாய்களையும் தனித்தனியே பின்னால் கொண்டு வந்தால் சத்தம் கரகரக்கும். நடுவில் ஒரு குறுக்குக் குழாயால் இரண்டையும் இணைத்தால் சத்தம் தணிந்து உருண்டு வரும். மிகவும் பருத்த குழாய் போட்டால் ஆரவாரம்தான் மிஞ்சும், பாரம் ஏற்றி மெதுவாகப் போகையில் இழுவை குறையும். போதாததற்கு வாகனப் பரிசோதனையிலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அத்தான் மனம் வராமல் நடுத்தரக் குழாய்க்கு இறங்கி வந்தார். முதலில் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தார்கள். "நீ கொக்காவா நிண்டு கேள்," என்று என்னைத் தெருவுக்கு முதுகு காட்டி நிற்கவைத்துவிட்டு, தெரு வளைவுவரை போய்த் திரும்பி வந்தார். உன் அக்காவாக நின்று கேள் என்றால் நான் என்ன செய்வது? கண்ணை மூடிக்கொண்டு ஊரில் எங்கள் வீட்டு அடுப்படியை நினைத்தேன். "கரகரக்குது அத்தான்," என்றேன். குறுக்குக் குழாய் பொருத்திய பிறகு மறுபடி நின்றேன். வளைவில் சத்தம் தாழ்ந்து எழும்பியபோது எனக்கே அழுகை வந்துவிட்டது.

ஸ்கீவவுக்குப் போகும் ஒரு குடும்பத்தோடு அக்கா ரயிலில் வந்தாள். நான் மேடையில் நின்றேன். அத்தான் பிக்கப்போடு ஸ்டேஷன் தெரு வளைவுக்கு அப்பால் ஒளிந்து நின்றார், கலியாண மாப்பிள்ளை மாதிரித் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு. அக்காவை இறக்கிவிட்ட பெண், "முகத்தைப் பாத்துக் கதையுங்கோ, என்ன," என்றாள். எனக்கு அது விளங்கவில்லை. கதவு மூடி ரயிலும் போய்விட்டது. பயணம் எப்படி என்று கேட்டேன். அக்கா என் வாயைப் பார்த்து, "ஓம், ஓம்," என்று சிரித்தாள். களைப்பு என்று நினைத்தேன். வெளியே கூட்டி வந்து, கம்பளிச் சட்டையை எடு என்று சைகையோடு சொன்னேன். தெருவுக்கு முதுகு காட்டிக் குனிந்து சூட்கேசைத் திறந்தாள்.

வளைவில் அந்தச் சத்தம் வந்தது. தாழ்ந்து, எழும்பி, அப்படியே எங்கள் சந்தியின் சத்தம். சைக்கிளில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா, "உனக்குப் பனங்காய்ப் பினாட்டுக் கொண்டந்தனான்," என்று பொட்டலத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். அத்தான் பக்கத்தில் வந்து நிறுத்தி, அக்சிலேட்டரை ஒருமுறை மிதித்தார். இன்னொருமுறை மிதித்தார். அவள் திரும்பவில்லை. எனக்கு அப்போதுதான் அந்தப் பெண் சொன்னது விளங்கியது. அத்தான் எஞ்சினை நிறுத்தி இறங்கி, அவளுக்கு முன்னால் சுற்றி வந்து நின்றார். அக்கா அவரைக் கண்டதும் உடைந்துபோனாள். காதுகளைத் தொட்டுக் காட்டி, தேவைக்கு மேல் உரத்த குரலில், "கிணத்தடியில ஷெல் விழுந்தது. சொன்னா இந்த நாட்டுக்கு எடுக்கமாட்டாங்களோ எண்டு பயத்தில ஒருத்தருக்கும் சொல்லேல்லை," என்றாள். "அதுக்கென்ன, அதுக்கென்ன," என்று அத்தான் அவள் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தார். வாயசைவைக் காணாமல் அவர் சொல்வது அவளுக்கு விளங்காது என்பதுகூட அவருக்கு நினைவில் இல்லை.

அடுத்த வாரம் மறுபடி கராச்சுக்குப் போனோம். பழையபடி ஒற்றைக் குழாய், சத்தமில்லாதது போதும் என்றார் அத்தான். வேலையில் ஏதும் பிழையா என்று கராச்காரர் கேட்டார். இவருடைய மனைவிக்குக் காது கேட்காது என்றேன். கராச்காரர், கழற்றிய குழாய்களை வண்டியின் பின்னால் மெதுவாக வைத்தார். "கொக்காவுக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை," என்றார் அத்தான் வரும் வழியில். "தன்னால என்ர சந்தோசம் கெட்டுப்போச்செண்டு அழுவாள்." அதன் பிறகு அவர் வீட்டுக்கு வந்தால் முதலில் சமையலறை யன்னலுக்கு முன்னால் நின்று கையசைப்பார். அக்கா கண்டு தண்ணீர் வைத்த பிறகுதான் வாசலுக்கு வருவார். கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அப்படித்தான்.

கொட்டில் வாசற்படியில் அக்காவை இருத்தி, முகத்துக்கு நேரே எல்லாவற்றையும் சொன்னேன். இனி அவர் கோபித்துக்கொள்ளவா போகிறார்? அக்கா அழவில்லை. குழாயை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "எப்பிடிச் சத்தம் போட்டது?" என்று கேட்டாள்.

அன்றைக்குக் கராச்சில் வெட்கப்பட்ட நான் கன்னத்தை ஊதினேன். அக்கா தன் உள்ளங்கையை என் தொண்டையில் வைத்தாள். குடுகுடு என்று தொடங்கினேன். குரல் உடைந்தது. "நிப்பாட்டாதை," என்றாள். மூச்சைப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, மறுபடி எழுப்பினேன். அக்காவின் விரல்கள் என் கழுத்தில் இறுகின.

"சந்தியால திரும்பிட்டார்," என்றாள். "தண்ணி வைக்கிறன்."

எழும்பப் போனவள், குழாயை மடியில் வைத்தபடி அப்படியே இருந்துவிட்டாள்.