உல்ட்டா ஓடும் இஞ்சின்

போன ஞாயிறு ஜெயமகால் பக்கம் பழைய இயந்திரங்களைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். ஒரு டூ-ஸ்ட்ரோக் டீசல் இஞ்சினை ஓடவிட்டதும், நான் கண்ணை மூடிக்கொண்டு அதன் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். மயக்கம் என்று நினைத்து ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இவ்வளவு பெரிய தொப்பைக்காரன் இஞ்சின் சத்தத்துக்கு உருகுவான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஸ்ரீராம்புரத்தில் அப்பாவின் மாவு மில்லில் ஓடியதும் இதே ரகம்தான். அதற்கு ஒரு குணம் உண்டு. ஸ்டார்ட் செய்யும்போது பின்னுக்கு உதைத்துவிட்டால் எதிர்த்திசையிலும் ஜம்மென்று ஓடும். காற்றை இழுக்க வேண்டிய வாய் புகையைக் கக்கும், சத்தம் விக்கல் எடுத்ததுபோல மாறிவிடும். மில்லுக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. அம்மா அடுப்படியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள்.

"யோவ், உல்ட்டா ஓடுதுய்யா! உன்ன மாதிரியே!"

கேழ்வரகு டப்பாவோடு வரிசையில் நிற்கும் பெண்கள் சிரிப்பார்கள். அப்பாவின் மாவு படிந்த மீசையும் சிரிக்கும்.

"உன் சத்தம் கேக்கத்தான்டி உல்ட்டா வுட்டேன்!" என்றபடி நிறுத்திவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்வார்.

அப்பாவும் இல்லை, மில்லும் இல்லை. அம்மா என் அபார்ட்மென்ட்டில், சத்தமே வராத ஏழாவது மாடியில் இருக்கிறாள். அவளுக்கு ஃபோன் போட்டு, அதை இஞ்சின் பக்கம் நீட்டினேன்.

"அம்மா, நம்ம இஞ்சினேதான், கேளு!"

கொஞ்ச நேரம் கேட்டாள்.

"போடா. இது ஒழுங்கா ஓடுது. உங்கப்பாது இல்ல."

அசடு வழிந்தபடி ஃபோனை வைக்கப் போனேன்.

"டேய், வெச்சிடாத. நிறுத்திட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணுவாங்க இல்ல? அப்போ உல்ட்டா ஓடினாலும் ஓடும்."