கள்ளிப்பால் பட்ட கண்

எழுபதுகளின் தொடக்கத்தில், பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. சேர்ந்த ஆண்டே மழை பொய்த்தது. கண்மாய் வெடித்துக் கிடந்தது. பள்ளிக் கிணற்றில் வாளி தரை தட்டியது. வறண்ட நிலத்தில் செடிகள் எப்படிப் பிழைக்கின்றன என்ற பாடத்தை நடத்த இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று நினைத்தேன். படம் வரைந்து காட்டியிருக்கலாம். "நாளைக்கு ஆளுக்கொரு செடி கொண்டாங்க" என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்.

ஆவாரை வந்தது, எருக்கு வந்தது. முதல் வரிசையில் உட்காரும், விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண் ஒருத்தி, வேலியிலிருந்து திருகுகள்ளிக் கொப்பைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்திருந்தாள்.

"இதுல இலை எங்க இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்" என்றேன்.

யாருக்கும் தெரியவில்லை. துளிர்க்கும் குட்டி இலைகளையும் அது உதிர்த்துவிடும், இலை இருந்தால் தண்ணீர் ஆவியாகிப் போகும் என்று விளக்கினேன். இலையின் வேலையைப் பச்சைத் தண்டே பார்த்துக்கொள்ளும். தண்ணீரையும் தனக்குள்ளேயே சேர்த்து வைத்துக்கொள்ளும் என்றேன். ஆடு மாடு கடிக்காமல் அதைக் காப்பது அதன் பால். அதைக் கடைசியில் சொல்ல வைத்திருந்தேன். கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க அந்தப் பெண் கொப்பை ஒடிக்க, பால் கண்ணில் தெறித்துவிட்டது.

"டீச்சர், கண்ணு எரியுது!"

வகுப்புக்கு இருந்தது ஒரு குடம் குடிதண்ணீர். அவளைச் சாய்த்துப் பிடித்து, குடம் முழுவதையும் அந்தக் கண்ணில் ஊற்றிக் கழுவினேன். பிறகு காரைக்குடி பஸ். வழியெல்லாம் என் சேலையைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

"உடனே கழுவுனது நல்லது. ரெண்டு நாளைக்கு இன்னும் மோசமாத்தான் இருக்கும். அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும்" என்றார் கண் டாக்டர்.

தகவல் கேட்டு அவளுடைய அப்பா அங்கேயே வந்துவிட்டார்.

"நீங்க கொண்டாரச் சொன்னீகளா, இல்ல இவளா கொண்டாந்தாளா?"

அவளாகத்தான் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது.

"நான்தான் சொன்னேன். கள்ளிப்பாலு கண்ணுக்கு ஆகாதுன்னு சொல்லாம விட்டதும் நான்தான்."

அவர் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

மூன்றாம் நாள், கீழ் வகுப்பில் படித்த அவள் தங்கை வந்து சொன்னாள்: "கண்ணுக் கட்டை அவுத்தா ஒண்ணுமே தெரியலங்குறா டீச்சர்." அன்று என்னால் ஒரு வாய் சோறு இறக்க முடியவில்லை. ஒரு பெண்பிள்ளையின் கண்ணைக் கெடுத்துவிட்டு இந்த ஊரில் எப்படி நடமாடுவது?

ஐந்தாம் நாள் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

"வாங்க டீச்சர். காலையில இருந்து மசமசன்னு தெரியுதாம்" என்றார் அப்பா.

நல்ல கண்ணை மூடச் சொல்லி, இரண்டு விரலை நீட்டினேன். "மூணு" என்றாள்.

இரண்டாவது வாரம் அவள் பள்ளிக்கு வந்தாள். கடைசி வரிசையில் நிறுத்தி, நல்ல கண்ணைப் பொத்தச் சொல்லி, பலகையில் இருந்ததை வாசிக்கச் சொன்னேன். பிசகாமல் வாசித்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வருஷம் முழுக்க, அவள் கண்ணைக் கசக்கினால் போதும், எழுதிக்கொண்டிருக்கும் என் கை நின்றுவிடும்.