நான் தூக்கிச் செல்லாத ரவீந்திரன்

குண்டடி பட்டு விழுந்த நண்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவன் என்று என்னைப் பற்றிச் சொல்லித் திரிந்தேன். அது பொய். அந்தச் சம்பவம் யாழ்ப்பாணத்தில் நடந்தபோது நான் நியூசிலாந்தின் ஓக்லாந்தில், ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் களஞ்சியத்தில், தகரங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். விழுந்தவனை நான் ஒருமுறைகூடக் கண்டதில்லை.

வெறும் பொய்யாக இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே இல்லை. ஆனால் அந்தக் கதைக்கு ஒரு சொந்தக்காரன் இருந்தான். அவன் என் வீட்டில், என் மேசையில், எனக்கு எதிரே இருந்து சோறு தின்றுகொண்டிருந்தான்!

என்னை வெறுக்க உங்களுக்கு அவசரமாக இருக்கலாம். கொஞ்சம் பொறுங்கள்... முழுவதையும் கேட்டால் இன்னும் நன்றாக வெறுக்கலாம்.

எழுபதுகளின் முடிவில் நாங்கள் இங்கே வந்தோம். ஊரில் நான் சரித்திர ஆசிரியர். இங்கே என் சான்றிதழை வாங்கிப் பார்த்தவர்கள் மரியாதையாகத் திருப்பித் தந்தார்கள். மீண்டும் படிக்கச் சொன்னார்கள். வீட்டு வாடகை காத்திருக்குமா? மனைவி தவமலர் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்துக்குப் போனாள். நான் களஞ்சியத்துக்குப் போனேன். மாசி என்ற புறநகரில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம்.

என்னை வாட்டியது வேலை அல்ல. என் பேச்சைக் கேட்க ஒருவரும் இல்லை என்பதுதான்! ஊரில் நான் வாயைத் திறந்தால் ஒரு வகுப்பே அடங்கிப் போகும். இங்கே மதியச் சாப்பாட்டு வேளையில் ஒரு வசனத்தைத் தொடங்குவேன். அதை முடிக்கும் முன்பே பேச்சு ரக்பிக்குப் போய்விடும். "சிறிலங்காவா? அது இந்தியாவில் எந்தப் பக்கம்?" என்று ஒரே மனிதன் என்னைப் பலமுறை கேட்டிருக்கிறான். ஒவ்வொரு முறையும் பதில் சொன்னேன். ஒவ்வொரு முறையும் மறந்தான்.

அப்படி இருக்கையில்தான் நூலகத்தில் ஓர் அறிவிப்பைக் கண்டேன். ஆங்கிலேய அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரை வெளியரங்கில் நடித்துக் காட்டும் குழுவுக்கு ஆட்கள் தேவை என்றிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அறிவிப்பை மறுபடியும் படித்தேன். அது நான் வருடக்கணக்காகக் கற்பித்த பாடமல்லவா! சாள்ஸ் மன்னன் தன் அதிகாரம் கடவுள் தந்தது என்றான். எங்களைக் கேளாமல் வரி இல்லை என்றது பாராளுமன்றம். வாய்ச்சண்டை வாட்சண்டையாகி, அண்ணன் ஒரு படையிலும் தம்பி மறு படையிலும் நின்று வெட்டிக்கொண்டார்கள். கடைசியில் அரசனின் தலையே போயிற்று.

நகருக்கு வெளியே, குமியூ என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு பண்ணை நிலம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூடினார்கள். தலைவர் கீத் என்பவர், குழாய் வேலை செய்பவர். கை குலுக்கிவிட்டு, "அரசனா, பாராளுமன்றமா?" என்று கேட்டார்.

"பாராளுமன்றம்," என்றேன்.

என் நாட்டில் எங்களுக்கு எதிராகக் கை உயர்த்தி உயர்த்திச் சட்டம் போட்டது எது? எந்த அரசனும் அல்ல, ஒரு பாராளுமன்றம்! எங்கள் மொழியை ஒதுக்கியது அதுதான். ஆனாலும் எதையோ நம்ப விரும்புகிறவனைப்போல அந்தப் பக்கத்தில் போய் நின்றேன். அதை அவர்களுக்கு விளக்கவும் முயன்றேன். கீத் தலையாட்டினார். மற்றவர்கள் காலணியின் வார் அந்தக் காலத்தில் எந்தப் பக்கம் மடிந்திருக்கும் என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். என் கையில் ஆளைவிட மூன்று மடங்கு உயரமான ஓர் ஈட்டியைத் தந்து கடைசி வரிசையில் நிறுத்தினார்கள்.

அங்கும் கடைசி வரிசை! அங்கும் நான் பேசுவதை ஒருவரும் கேட்கவில்லை!

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு தவமலரின் தம்பி குகன் எங்களிடம் வந்து சேர்ந்தான். சென்னையில் சில காலம் அலைந்து, நாங்கள் விசாவுக்கு எழுதி எழுதி, ஒருவாறு வந்தான். ஒல்லியான இளைஞன். கேட்டால் "ஓம்", கேட்காவிட்டால் அதுவும் இல்லை. தவமலர் அவனுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

ஒரு சனிக்கிழமை காலையில் நானும் அவனும் பின்வளவில் புல் வெட்டிக்கொண்டிருந்தோம். இயந்திரம் படாரென்று வெடித்து நின்றது. திரும்பிப் பார்த்தேன். குகன் வேலியடியில் குப்புறக் கிடந்தான்.

நான் அவனைத் தூக்கி உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். அவன் சொல்லத் தொடங்கினான்.

"நானும் ரவீந்திரனும் சைக்கிளிலை வந்தனாங்கள் அத்தான். ஆமி ட்ரக் ஒழுங்கைக்குள்ளை திரும்பினதைக் காணேல்லை. சுட்டவங்கள். அவனுக்குக் காலிலை. விழுந்திட்டான். நான் வேலி பாய்ஞ்சு புகையிலைத் தோட்டத்துக்குள்ளை படுத்திட்டன்."

"பிறகு?"

"அவன் என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டவன். கன நேரம் கூப்பிட்டவன், பிறகு சத்தம் நிண்டிட்டுது. நான் போகேல்லை."

சற்று நேரம் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"அவன்ரை அம்மா வந்து கேட்டவ, கடைசியா என்ன சொன்னவன் எண்டு. எனக்குக் கேக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டன். என்ரை பேரைத்தான் கூப்பிட்டவன் எண்டு எப்பிடி அத்தான் சொல்லுறது? அக்காவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"சத்தியமாச் சொல்லமாட்டன்," என்றேன்.

அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். தவமலரிடம் இன்றுவரை சொல்லவில்லை. என்ன யோக்கியன் நான்!

சில வாரங்களுக்குப் பின் குமியூவில் மழை பிடித்தது. பயிற்சியை நிறுத்திவிட்டு எல்லோரும் ஒரு கூடாரத்தின் கீழ் ஒதுங்கினோம். பொரித்த சொசேஜும் தேநீருமாக இருந்தோம். கீத் என் பக்கம் திரும்பினார்.

"உன் நாட்டிலும் உள்நாட்டுப் போர்தானே, சிவா? அதில் ஏதாவது உனக்குப் பட்டதா?"

பேச்சுகள் நின்றன. அத்தனை முகங்களும் என்னைப் பார்த்தன. எத்தனை காலத்துக்குப் பிறகு!

என் மைத்துனனின் நண்பன் ஒருவன், என்றுதான் சொல்ல நினைத்தேன். நம்புவீர்களா? அப்படித்தான் நினைத்தேன்... வாயிலிருந்து வந்தது, "என் நண்பன் ஒருவன்."

அந்த இடத்தில் திருத்தியிருக்கலாம். ஒரு சொல்தானே! ஆனால் யாரோ தேநீர்க் கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்கள். எனக்காக வைத்தார்கள்! நான் தொடர்ந்தேன். ஒழுங்கை, ட்ரக், சைக்கிள், எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். பெயரையும் மாற்றவில்லை; காலத்தை மட்டும் நான் இங்கே வருமுன் என்று தள்ளிவைத்தேன். வேலி பாய்ந்ததையும் சொன்னேன். புகையிலைத் தோட்டத்துக்குள் நானே படுத்துக் கிடந்தேன்.

அவன் கூப்பிட்ட இடத்துக்கு வந்தபோது என்னால் அங்கே படுத்திருக்க முடியவில்லை. படுத்திருந்தவனை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்?

"நான் திரும்பி ஓடினேன்," என்றேன்.

அந்த வசனத்தில் என்ன இனிமை! அதற்குப் பின் எல்லாம் தானாக வந்தது. தோளில் தூக்கினேன். ஓடினேன். என் தோளில் கிடந்தபடியே, தன் தாயைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு, ரவீந்திரன் உயிரை விட்டான்.

கீத் கண்ணைத் துடைத்தார். அடுத்த ஞாயிறு ஈட்டியை வாங்கிக்கொண்டு, பாராளுமன்றப் படையின் கொடியை என் கையில் தந்தார். முன்வரிசை! நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை.

அந்தக் கோடையில் ஒரு பூங்காவில் பொதுமக்களுக்காகப் பெரிய போர் ஒன்றை ஒழுங்கு செய்தோம். தவமலர் காலையில் சொன்னாள்: "இவனையும் கூட்டிக்கொண்டு போங்கோ. எந்த நேரமும் அறைக்குள்ளேயே கிடக்கிறான்."

"வெடிச்சத்தம் அவனுக்கு ஒத்துவராது," என்றேன்.

"சும்மா புகைதானே அத்தான்? வாறன்," என்றான் குகன். அவனாகவே வருவதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. தவமலரின் முகம் மலர்ந்துபோயிற்று. நான் என்ன செய்வேன்?

ஒன்றும் நடக்காது என்று எண்ணினேன். சனக்கூட்டத்தில் ஒருவனாக நிற்பான், பார்ப்பான், வந்துவிடுவான். என் கதை கூடாரத்துக்குள் சொன்ன கதை. வெளியே யாருக்குத் தெரியப் போகிறது?

இரு படைகளும் எதிரெதிரே அணிவகுத்தன. இறகு வைத்த தொப்பிகளோடு அரசன் படை, தோலுடுப்புகளோடு நாங்கள். கீத் ஒலிபெருக்கியை எடுத்தார். உள்நாட்டுப் போர் பழங்கதை அல்ல என்றார். எங்கள் கொடி வீரனே அதற்குச் சாட்சி என்றார். என் பெயரைச் சொன்னார். ரவீந்திரனின் பெயரை, அவருக்கு வந்த உச்சரிப்பில், இரண்டு முறை சொன்னார்.

"துப்பாக்கிக்கு முன்னால் திரும்பி ஓடிப்போய் நண்பனைத் தோளில் தூக்கி, அவன் கடைசிச் சொல்லைக் கேட்டவன் இவன். நம்மில் எத்தனை பேர் அப்படிச் செய்வோம்? அந்த நண்பனுக்காக ஒரு நிமிடம் தலை குனிவோம்."

ஆங்கிலம் குகனுக்கு விளங்கும். சனங்களைத் தடுத்துக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கத்தில், முன்வரிசையில் நின்றான். எல்லோரும் குனிந்தார்கள். அவனும் குனிந்தான். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழவில்லை, முறைக்கவில்லை. மற்றவர்கள் நிமிர்ந்த பின்னும் அவன் குனிந்தே நின்றான்.

பிறகு பீரங்கி வெடித்தது. நான் கொடியோடு ஓடினேன். ஆம், ஓடினேன்! என்னால் அப்போதும் நிறுத்த முடியவில்லை. புகைக்குள் அரசன் தோற்றான். மக்கள் கைதட்டினார்கள்.

திரும்பும் வழியில் மோட்டார்வேயில் ஏறினோம். அவன் மிக மெதுவாகக் கேட்டான்.

"அத்தான், அவன் உங்கடை தோளிலை கிடந்து என்ன சொன்னவன்?"

"குகன்... அது சும்மா, அந்த வெள்ளைக்காரருக்கு..."

"இல்லை, சொல்லுங்கோ. அவன்ரை அம்மா என்னட்டைக் கேட்டவ. என்னட்டை மறுமொழி இல்லை. உங்களிட்டை இருக்குத்தானே?"

அது குத்திக் காட்டிய பேச்சா? பல காலம் அப்படி எண்ணி என்னைத் தேற்றிக்கொண்டேன். இல்லை. அவன் குரலில் ஏளனமே இல்லை. அவன் உண்மையாகவே கேட்டான். திரும்பிப் போனவனிடம், போகாதவன் கேட்ட கேள்வி அது.

சிக்னல் போட்டு, மாசிக்கு இறங்கும் பாதையில் காரைத் திருப்பினேன்.

அந்த மாதம் முடிய முன்னர் குகன் வெலிங்டனுக்குப் போய்விட்டான். வேலை கிடைத்திருப்பதாக அக்காவிடம் சொன்னான். அங்கிருந்து கனடாவுக்குப் போனான். கடிதம் இல்லை, அழைப்பு இல்லை. என்னைப் பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமே, பாவி! சொல்லியிருந்தால் தவமலர் என்னோடு சண்டை பிடித்திருப்பாள். நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். ஏதோ ஒரு வகையில் முடிந்திருக்கும்.

"நீங்கள் அவனுக்கு ஏதும் சொன்னீங்களோ?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நான் என்னத்தைச் சொல்ல? இப்பத்தைப் பொடியள் இப்பிடித்தான்," என்றேன்.

அவள் நம்பினாள். முதலில் அழுதாள். பிறகு கோபித்தாள். பிறகு அந்தக் கோபம் உறைந்துபோயிற்று. எவ்வளவு செய்தும் நன்றி இல்லாதவன் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்து தேநீர் குடித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் குமியூவுக்குப் போய்க் கொடி பிடித்தேன். ஏன் விடவில்லை என்று கேட்கிறீர்களா? விட்டால் காரணம் கேட்பார்களே! எனக்கே என்மேல் எரிச்சல் எரிச்சலாக வரும். வந்து என்ன? அடுத்த ஞாயிறும் போவேன்.

வருடங்கள் கழிந்தன. எண்பதுகள் முடியப் போகும் வேளையில் ஒரு பின்னேரம் தொலைபேசி மணி அடித்தது. தவமலர்தான் எடுத்தாள். சிறிது நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு கையால் வாய்ப்பகுதியைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"குகன். கலியாணமாம். எங்களை வரட்டாம்... உங்களோடையும் கதைக்க வேணுமாம். என்னப்பா செய்ய? ஃபோனை வைக்கட்டோ?"

அவள் கண்ணில் கெஞ்சல் இருந்தது. வேண்டாம், நீ கதை என்று நான் சொன்னால் போதும். அவள் உடைந்து தம்பியோடு அழுதிருப்பாள். அவள் கேட்டது அதைத்தான். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. அந்தப் பக்கத்தில் அவன் காத்துக்கொண்டிருந்தான். என்னிடம் என்ன கேட்பான்? மறுபடியும் அதையே கேட்டால்?

"வை," என்றேன்.