திங்கட்கிழமை ஏழரைக்கு ஓடாத ஓட்டோ

பொறாமைப்பட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் சமாளிப்பது போலிருக்கும். எங்கள் கட்டடக்கலை அலுவலகத்தில் நான் பதினாறு வருடமாக இருக்கிறேன். நான் பொறாமைப்பட்ட அவள் வந்து இரண்டு வருடம். மலையகத்துப் பிள்ளை, கொட்டாஞ்சேனையில் அறை எடுத்து இருக்கிறாள், சிரித்தால் மூன்று மேசை தள்ளிக் கேட்கும். அவள் வரும்வரை எங்கள் பெரியவர் என்னைத்தான் “பிள்ளை, இஞ்ச ஒருக்கா வா” என்று கூப்பிடுவார். அவள் வந்தபின் அவள் பிள்ளையாகிவிட்டாள், நான் ‘நீங்கள்’ ஆகிவிட்டேன். மரியாதையாம். யாருக்கு வேண்டும் அந்த மரியாதை!

அப்போதுதான் சிறுவர் வைத்தியசாலை ஒன்றுக்கு இடம் பார்க்கும் வேலை வந்தது. கட்டப்போவது ஒரு அறக்கட்டளை. இரண்டு காணிகள் கைவசம் இருந்தன. ஒன்று வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே. மற்றது கொட்டாஞ்சேனையில், மூடிக்கிடந்த பழைய பண்டகசாலை வளவு. பெரியவர் வெள்ளவத்தையை என்னிடமும் கொட்டாஞ்சேனையை அவளிடமும் தந்தார். எந்தக் காணி தெரிவாகிறதோ அதைப் பார்த்தவருக்கே முழு வேலையும் என்றார். பதினாறு வருடமாகக் கடைகளும் ஃப்ளாட்டுகளும் வரைந்தவள் நான். ஒரு வைத்தியசாலை என் கைக்கு வந்ததில்லை. அதை அவளிடம் தூக்கிக் கொடுக்க எனக்கென்ன விசரா?

மண், வடிகால், சத்தம், கடற்காற்று எல்லாம் பார்த்தோம். ஆனால் அறக்கட்டளை கேட்ட முக்கியமான கணக்கு பயண நேரம். மட்டக்குளி, மாளிகாவத்தை, தெமட்டகொடை ஆகிய இடங்களிலிருந்துதான் பிள்ளைகள் அதிகம் வருவார்கள். அங்கிருந்து ஓட்டோவில் வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்று, வீதி மிக மோசமாயிருக்கும் திங்கட்கிழமைகளில், ஓடிப் பார்க்க வேண்டும். கொட்டாஞ்சேனை அவற்றுக்குக் கிட்டத்தான், வெள்ளவத்தை தூரம். ஆனால் ஒடுங்கிய வீதிகள், துறைமுகத்து லொறிகள். என் காணியோ பரப்பில் அதைப்போல் இரண்டு மடங்கு. பயண நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று காட்டிவிட்டால் வென்றேன்.

திங்கட்கிழமை காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம். எனக்கு அதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை என்றுதான் வெளியே சொல்வேன். ஆனால் நோயாளிப் பிள்ளைகளுக்கான ஒரு வேலையை ராகுகாலத்திலா தொடங்குவது? முதல் திங்கள், வீட்டில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, ஒன்பது பத்துக்கு மட்டக்குளியில் ஓட்டோ ஏறினேன். அடுத்தடுத்த திங்கள்களிலும் அதே நேரத்தில் ஓடினால்தான் ஒப்பிடலாம் என்று எனக்கு நானே விஞ்ஞானம் சொல்லிக்கொண்டேன். பள்ளிக்கூட வான்களெல்லாம் போய் முடிந்த வீதியில் ஓட்டோ பறந்தது. அட்டவணை அழகாக வந்தது.

கூட்டத்துக்கு முதல் நாள் அவள் என் மேசைக்கு வந்தாள்.

“அக்கா, உங்க அட்டவணையில ஏழரையிலேருந்து ஒம்பது வரைக்கும் ஒண்ணுமே இல்லையே. நான் அந்த நேரத்துல ரெண்டு எடத்துக்கும் ஓடிப் பார்த்திருக்கேன். தரட்டுமா?”

என் காணிக்கும் ஓடியிருக்கிறாள்! அடி பாவி, உன்னை யார் கேட்டது?

“தேவையில்லை. என்னட்டை இருக்கு” என்றேன். இருக்கவில்லை.

மறுநாள் கூட்டத்தில் அறக்கட்டளையின் குழந்தை வைத்தியர் அட்டவணையில் விரலை வைத்தார். “காலமை ஸ்கூல் டைம்ல எப்பிடி?”

“ஓடிப் பாத்தனாங்கள் டொக்டர். பெரிய வித்தியாசம் இல்லை.”

எவ்வளவு சுகமாக வந்தது அந்தப் பொய்! எதிரே அவள் தலையைக் குனிந்துகொண்டு பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள். பெரியவர் கோப்பை மூடி, “அப்ப வெள்ளவத்தைதான்” என்றார். தேநீரும் ரோல்ஸும் வந்தன.

வென்றவள் நான். ஆனால் ரோல்ஸைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அவளை நடைபாதைக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். “ஏன் சொல்லேல்லை?”

“நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன்.”

“சொல்லாட்டி?”

“இன்னைக்குப் பின்னேரம் சார்கிட்ட அனுப்பியிருப்பேன்” என்றாள், கண்ணைப் பார்த்தே. “நம்ம சண்டைக்குப் புள்ளைங்க என்னக்கா செய்யும்?”

சும்மா சொல்லக்கூடாது, கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அவள் தெய்வப் பிறவி இல்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் எனக்கு முதலில் ஒரு தவணை தந்திருந்தாள். அந்தப் பெருந்தன்மைதான் தாங்க முடியாததாக இருந்தது. அதையும் அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று விட என்னால் முடியவில்லை. அவளுடைய நேரக்கணக்குத் தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

“டொக்டர், நான் சொன்னது பொய். அந்த நேரத்தில நான் ஓடேல்லை. ராகுகாலம் எண்டு வெளிக்கிடேல்லை.”

யாரும் சிரிக்கவில்லை. இந்த நாட்டில் நேரம் பார்க்காமல் அத்திவாரம் போட்டவர் அந்த அறையில் யாரிருந்தார்? பெரியவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். வைத்தியர் அவள் தாளைப் படித்தார். அந்த நேரத்தில் வெள்ளவத்தைக்கு என் கணக்கைவிட இரண்டு மடங்குக்கு மேல் எடுத்திருந்தது. கொட்டாஞ்சேனைக்குச் சில நிமிடங்கள்தான் கூட.

“வலிப்பு வந்த பிள்ளை ஒண்டு இவ்வளவு நேரம் றோட்டில நிண்டா” என்றார், “என்னட்டை வந்து சேரேக்குள்ள எனக்குச் செய்ய ஒண்டும் இருக்காது.”

கொட்டாஞ்சேனை என்று முடிவானது. வேலை அவளுக்குப் போனது. அவள் முதல் காரியமாக என்னைத் தன் குழுவுக்குக் கேட்டாள். பெரியவர் என்னைப் பாராமலே சரியென்றார். இப்போது பண்டகசாலையை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவசர சிகிச்சைப் பிரிவு நான் வரைவது. ஒவ்வொரு தாளின் அடியிலும் அவள் கையெழுத்து விழுந்த பிறகுதான் அது வெளியே போகிறது, ஒவ்வொரு முறையும் எனக்கு எரிகிறது. உண்மையைச் சொன்னதால் அது குறையவில்லை.

அந்த வாசலில் நாளைக்கு ஒரு தாய் பிள்ளையோடு நேரத்துக்கு வந்து இறங்குவாள். பிள்ளை பிழைக்கும். அந்த இடத்தைத் தெரிவாக்கியவள் அவள்தான் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும், பிள்ளை பிழைத்தால் போதும் என்று நினைக்கிறேன். நினைத்த உடனேயே, அந்தப் பெயர் எனக்கு வந்திருக்கக்கூடாதா என்றும் நினைக்கிறேன்.